எஞ்சிய நான்கு வரிகள்

ஐந்தாம் வகுப்பு நன்னெறிப் புத்தகத்தின் பதினோராவது பாடத்தில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, கால்களை நீட்டித் தூங்குகிறார். அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய அபாயச் சங்கு. ஜன்னலுக்கு வெளியே நீல நிறத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓவியர் அக்கறையானவர்; எச்சில் ஒழுகுவதைக்கூட விடாமல் வரைந்திருந்தார். பாடத்தின் பெயர் ‘கடமையில் உறங்கியவர்’. அணையின் சங்கை ஒலிக்க வேண்டியவர் தூங்கிவிட்டதால் பதினேழு பேர் வெள்ளத்தில் போனார்கள், ஆகவே மாணவர்களே, என்று அது முடிகிறது.

தூங்குகிற ஆளுக்குப் பாடத்தில் பெயர் இல்லை. ஆனால் அந்த அணைக்கு ஒரே ஒரு சங்குக்காரன்தான் இருந்தான் என்பதும், அந்தப் பதினேழு பேரில் அவனும் ஒருவன் என்பதும், அவன் போனபோது மனைவி வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பெண் இப்போது அதே ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை நடத்திய அன்று அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நடத்தினார். அதனால் வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது.

குட்டி வீட்டில் வந்து அழவில்லை. கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்குக் கிளம்பும் முன் கண்ணில் மூன்று முறை தண்ணீர் அடித்துக்கொண்டாள். அவளுடைய இடது தொடையில் வரிசையாக நீலத் தழும்புகள் இருப்பதை, சீருடை மாற்றும்போது அவள் அத்தைதான் முதலில் பார்த்தாள்.

“இது என்னடி?”

“கிள்ளிக்கிட்டது. தூங்கிடாம இருக்கறதுக்கு.”

“வகுப்புல யாருக்குத்தான் தூக்கம் வராது?”

“மத்தவங்களுக்கு வரலாம் அத்தை.”

அத்தையை எல்லோரும் லைனக்கா என்று கூப்பிடுவார்கள். அணை அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பு மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள் விரல்கள் வழியாகத்தான் பேச வேண்டும். போன வருடம் தானியங்கி இயந்திரம் வந்தது. மேசையை எடுத்தார்கள், அதோடு அவளையும் எடுத்துவிட்டார்கள். அதுவரை அந்த வேலைதான் அவளுக்கும் குட்டிக்கும் குட்டியின் அம்மாவுக்கும் சோறு போட்டது. அதனால்தான் பதினொரு வருடம் சில விஷயங்களைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. இதைத் தனக்குத் தானே அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

“அவன் தூங்கல” என்றாள், துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம்.

“எனக்குத் தெரியாதாக்கா? அந்தச் சங்கு அறைக்குள்ள போனா அவருக்குக் கண்ணே மூடாது. ஆனா சொன்னா யாரு கேப்பா?”

“நான் போய்ச் சொல்றேன். எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று தம்பி மனைவி கேட்கவில்லை. கேட்காததற்காக லைனக்காவுக்கு அவள்மேல் நன்றி வந்தது. அந்த நன்றி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாடப்புத்தகங்களில் எது வரலாம், எது வரக் கூடாது என்று முடிவு செய்யும் இடத்தின் பெயர் ‘வரலாறு, அரசாங்கம் ஆகிய பாடங்களின் பொருளும் பரப்பும் நிர்ணயிக்கும் வாரியம்’. பலகை வாசலைவிட அகலம். இரண்டு முனைகளும் மரக்கிளைகளுக்குள் போய்விட்டன. கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு ‘பொருளும் பரப்பும்’ மட்டும் தெரியும். வெளியில் எல்லோரும் பரப்பு வாரியம் என்றார்கள்.

உள்ளே நீளமான தாழ்வாரம். அதன் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. இடதுபுறம் வரலாறு, வலதுபுறம் அரசாங்கம். ஆரம்ப காலத்தில் தேர்தல் யாருடைய பாடம் என்று இரு பிரிவினருக்கும் கைகலப்பு நடந்து, அதன் பிறகு போட்ட கோடு. கழிப்பறை அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டது. வரலாற்றுப் பிரிவினர் அதற்கு முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் வரலாற்றின் பக்கம். ஆகவே இரு பாடங்களுக்கும் இடையே ஒரு பரஸ்பர மரியாதை நிலவியது.

கோட்டின் மேல் இரண்டு பக்கமும் காலை அகட்டி டீக்காரர் ஒருவர் நின்றார். அவர் மட்டும்தான் அப்படி நிற்கலாமாம்.

“எந்தப் பக்கம்மா போகணும்?”

“தெரியலண்ணே. என் தம்பி விஷயமா வந்தேன்.”

“உயிரோட இருக்காரா?”

“இல்ல.”

“அப்ப இடது பக்கம். உயிரோட இருந்து ஏதாவது பதவியில இருந்தா வலது பக்கம்.”

“உயிரோட இருந்து பதவியில இல்லன்னா?”

“அவங்களுக்கு டீ மட்டும்தான்” என்று ஒரு குவளையை நீட்டினார்.

வரலாற்று அதிகாரி மேசையை எந்நேரமும் துடைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர். லைனக்கா சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் திருப்பி அவள் முன் வைத்தார்.

“உங்க வெள்ளம் இதுல இருக்கு. படிங்க.”

‘பெருமழையின் காரணமாக அணையின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் ஏற்பட்டது. பதினேழு உயிர்கள் இழக்கப்பட்டன. பின்னர் இயல்பு நிலை திரும்பியது.’

“எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க” என்றார் அதிகாரி. “இதுல யாரும் எதுவும் பண்ணல. வெள்ளம் வந்துச்சு, போச்சு. உங்க தம்பி மேல ஒரு பழி இருக்கா? இல்ல. வரலாறு யாரையும் குறை சொல்லாதும்மா. புத்தகம் முழுக்கத் தேடிப் பாருங்க. போர் மூளும், பஞ்சம் வரும், வரி ஏறும், ஜனங்க இடம் பெயர்வாங்க. ஒரு ஆள் வந்து இதைச் செஞ்சான்னு எங்கயாவது இருக்கா? முன்னாடி ராஜாக்கள் ஏதோ பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அவங்களையும் போன திருத்தத்துல நிறுத்திட்டோம்.”

“சங்கு ஊத வேணாம்னு ஒருத்தர் சொன்னாருங்க. நான் கேட்டேன்.”

அதிகாரியின் துடைக்கும் கை நின்றது.

“சொன்னாருன்னா அது உத்தரவு. உத்தரவுன்னா அதிகாரம். அதிகாரம்னா கோட்டுக்கு அந்தப் பக்கம். இதை என் காதுல போடாதீங்க, எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

அந்தப் பக்கத்தில் அரசாங்க அதிகாரி ஒரு பெரிய வரைபடத்துக்கு முன் உட்கார்ந்திருந்தார். அதில் நிறையக் கட்டங்கள். கட்டங்களுக்கிடையே அம்புகள். கீழ்க் கோடியில், அம்பு எதுவும் வந்து சேராத ஒரு சின்னக் கட்டத்தில் ‘மக்கள்’ என்று எழுதியிருந்தது.

“அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யவும், ஒலிக்காமல் நிறுத்தி வைக்கவும் தலைமைப் பொறியாளருக்கு அதிகாரம் உண்டு. பத்தாம் வகுப்பு, பக்கம் நாப்பத்தி ஒண்ணு” என்றார் புத்தகத்தைப் பார்க்காமலே.

“அந்த அதிகாரத்தை அன்னிக்கு அவர் பயன்படுத்தினாருங்க. அதான் என் தம்பி ஊதல.”

“அம்மா, எங்க பாடத்துல அரசாங்கம் இருக்கும். செய்யாது. எத்தனை உறுப்பினர், எத்தனை வருஷம், என்னென்ன அதிகாரம், இதான் பாடம். ஒரு தடவை ஒரு ஆசிரியர் ஆர்வக்கோளாறுல, அரசாங்கம் ஒரு ரோடு போட்டதுன்னு எழுதிட்டார். நல்ல ரோடுதான். நானே அதுலதான் ஆபீசுக்கு வர்றேன். இருந்தாலும் அந்த வரியை எடுத்துட்டேன்.”

“ஏங்க?”

“இன்னிக்கு ரோடு போட்டதுன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு வேற என்னெல்லாம் பண்ணுச்சுன்னு பிள்ளைங்க கேக்கும்.”

லைனக்கா மஞ்சள் கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றாள். ஒரு பக்கம் எல்லாம் நடக்கிறது, செய்தவர் யாரும் இல்லை. இன்னொரு பக்கம் எல்லோரும் இருக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் நின்று யோசித்தபோது, தன் வாழ்க்கையும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று தோன்றியது. பதினெட்டு வருடம் எல்லோருடைய பேச்சும் அவள் வழியாகப் போயிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எழுத்து மூலமாகக் கொடுத்தால் கூட்டு அமர்வில் வைப்பார்கள் என்று டீக்காரர் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினாள்.

அன்று பகல் மழை நின்றிருந்தது. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் புதிய பூங்காவின் திறப்பு விழா. மேடையில் பெரிய மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தலைமைப் பொறியாளர் சங்கு அறைக்கு இணைப்புக் கேட்டார். நான் இணைத்தேன். ‘பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு, நான் சொல்ற வரைக்கும் சங்கு ஊதக் கூடாது’ என்றார். ‘தண்ணி ஏறுது சார்’ என்றான் தம்பி. ‘பேச்சு முடியட்டும்ப்பா’ என்றார். ‘சரிங்க சார்’ என்றான். பேச்சு நாற்பது நிமிடம் நடந்தது. அதற்குள் மதகு தாங்காமல் தண்ணீர் இறங்கிவிட்டது. மேடை உயரமாக இருந்ததால் மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தம்பி தூங்கவில்லை, போன் பக்கத்தில் காத்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டு அமர்வு நடந்தது. மேசையையும் மஞ்சள் கோட்டின் மேல்தான் போட்டிருந்தார்கள். தலைவர் மட்டும் கோட்டுக்கு நேராக, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். பேனாவால் திருத்தினால் இரண்டு பாடங்களும் கலந்துவிடும் என்பதால் வாரியம் கத்தரிக்கோலால்தான் வேலை செய்யும். ஒரு எழுத்தர் அவளுடைய தாளை வரி வரியாக நறுக்கினார். மழை, தண்ணீர், மதகு ஆகிய வரிகள் இடதுபுறத் தட்டில் விழுந்தன. திறப்பு விழா வலதுபுறத் தட்டுக்குப் போனது. பூங்காவைத் திறந்து வைக்கப் பெரிய மனிதருக்கு அதிகாரம் உண்டு. மேடையின் உயரத்தைப் பற்றிச் சிறிது நேரம் இழுபறி நடந்து, அதுவும் வலதுபுறம் சேர்ந்தது.

கடைசியில் மேசை நடுவில் நான்கு வரிகள் மிஞ்சின. நான் இணைத்தேன் என்பதும், அவர் சொன்னதும், தம்பி சொன்னதும், தம்பி தூங்கவில்லை என்பதும். மின்விசிறிக் காற்றில் அவை லேசாக நெளிந்தன. தொடுவதற்கு இரு தரப்பிலும் யாரும் கை நீட்டவில்லை.

தலைவர் எழுந்தார். கூட்டத்தில் பேசும்போது அவர் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்.

“சகோதரியின் துயரத்தில் வாரியம் பங்குகொள்கிறது. நடந்தது வரலாறு. ஆள்வது அரசாங்கம். இந்த இரண்டையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்த நாடு வேறொன்று இல்லை என்று நான் வெளிநாட்டு மாநாடுகளிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால், ஆள்கிறவரால் நடந்தது எது என்று சகோதரி கேட்கிறார். நல்ல கேள்வி. இது இரண்டு பாடங்களிலும் இல்லாத கேள்வி. இதற்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும் என்று எனக்கும் இளமையில் தோன்றியிருக்கிறது. அட்டவணையைப் பார்த்தேன். வாரத்தில் நாற்பது பீரியட்தான். ஓவியத்தை எடுக்கலாமா? விளையாட்டை எடுக்கலாமா? குழந்தைகள் பாவம் இல்லையா? ஆகவே எஞ்சியவை வழக்கம்போல நன்னெறிப் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றன.”

எல்லோரும் கை தட்டினார்கள். லைனக்காவும் தட்டினாள், தட்டிய பிறகுதான் கையைப் பார்த்தாள்.

நன்னெறிப் பிரிவு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அந்த அதிகாரி ஒரு பெண்மணி. வாரியத்தில் அவர் மட்டும்தான் லைனக்காவை உட்காரச் சொன்னார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“அந்த ரெண்டு பிரிவுலயும் மனுஷங்களே கிடையாதும்மா” என்றார் மெதுவாக. “எங்க பாடத்துலதான் மனுஷங்க இருப்பாங்க. உங்க நாலு வரியையும் ரெண்டு தடவை படிச்சேன். உங்க தம்பி முழிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கார். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கடைசி வரைக்கும் போன் பக்கத்துலயே இருந்திருக்கார். அவரைப் போய்த் தூங்க வெச்சிட்டோம். ரொம்பத் தப்பு. எடுத்துடறேன்.”

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“ஆனா பதினோராவது பாடத்தைக் காலியா விட முடியாது. யாராவது தவறியிருக்கணும்.”

“பொறியாளர் தவறினாருங்க.”

“அவர் அரசாங்கப் பாடத்துல அதிகாரமா இருக்கார். ஒரே ஆள் ரெண்டு பாடத்துல வந்தா பிள்ளைங்க குழம்பிடும். அதோட நன்னெறின்னா குழந்தைங்க தினம் பாக்கற ஆளா இருக்கணும். காவலாளி, பால்காரர், ஆயாம்மா. பொறியாளரை எல்லாம் குழந்தைங்களுக்கு அடையாளம் தெரியாது.” அவர் தாள் துண்டுகளை வரிசைப்படுத்தினார். “நீங்கதான் இணைச்சீங்களா?”

“ஆமாங்க.”

“இணைச்சிட்டு என்ன பண்ணீங்க?”

“கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அப்ப?”

இந்தக் கேள்வியைப் பதினொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. நீர்மட்டம் பார்க்கிறவன் அதற்குக் கால் மணி நேரம் முன்பு அவள் வழியாகத்தான் பேசினான். அபாயக் கோட்டுக்கு மேலே ஒரு கை உயரம் என்று அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. இணைப்பு மேசையின் பேச்சுச் சாவியைத் திருப்பினால் போதும், அவள் குரல் சங்கு அறைக்குப் போயிருக்கும். தம்பி, ஊதுடா. இரண்டே வார்த்தை. வேலையில் சேர்ந்த நாளில் மேற்பார்வையாளர் அவளிடம் சொல்லியிருந்தார்: இந்த மேசையில் உட்காருகிறவளுக்குக் காது உண்டு, வாய் கிடையாது. அவள் நல்ல வேலைக்காரி. பேசி முடித்ததும் இணைப்பை எடுத்துவிட்டு, அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

முட்டாள்தனமான ஒரு இடம், முட்டாள்தனமான ஒரு வழியில், சரியாக வந்து அவள் மூடி வைத்திருந்த கதவைத் தட்டியிருக்கிறது. பொய் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

“தெரியும்” என்றாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. நல்ல மனசுதான், ஒரு வேலை முடிந்த சந்தோஷம். “பாருங்க, இதுல பாடம் இருக்கு. அந்தக் காலத்துல சங்குக்காரர் பொருத்தமா இருந்தார், சரி. இது இன்னும் பொருத்தம். பேரு போட மாட்டோம்மா. படம்கூடச் சின்ன வயசுப் பொண்ணாப் போட்டுடச் சொல்றேன். இங்க ஒரு கையெழுத்து.”

“போட்டா, தம்பி தூங்கலன்னு வருமா?”

“‘விழிப்போடு காத்திருந்தார்’னு போடறேன். தடிச்ச எழுத்துல.”

லைனக்கா கையெழுத்துப் போட்டாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. வெளியே வந்தபோது டீக்காரர், “எந்தப் பக்கம்மா முடிஞ்சது?” என்று கேட்டார். அவள் கோட்டின் மேலேயே நடந்து வாசலுக்குப் போனாள்.

வீட்டில் தம்பி மனைவி வெயிலில் காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவனை எடுத்துடறாங்க. முழிச்சிக்கிட்டு இருந்தான்னு போடறாங்க.”

தம்பி மனைவி கையிலிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள்கள் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அப்ப யாரைப் போடறாங்கக்கா?”

“ஒரு டெலிபோன் பொண்ண.”

துண்டு கீழே இறங்கியது. “நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

“ம்.”

“அவர் கடைசியாப் பேசினதக் கேட்டீங்களா?”

“ம்.”

தம்பி மனைவி மடிப்பதைத் தொடர்ந்தாள். எப்போதும் மூன்று பேர் துணியும் ஒரே அடுக்காக இருக்கும். அன்று லைனக்காவின் புடவைகளை மட்டும் தனியாக, ஒழுங்காக மடித்து, கட்டிலின் மறு ஓரத்தில் வைத்தாள். அதன் பிறகு அவள் “அக்கா” என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கூப்பிடுவதற்கு முன் ஒரு கணம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கணத்தின் நீளம் லைனக்காவுக்கு நன்றாகக் கேட்கும். கேட்பதுதானே அவள் தொழில்.

பள்ளி திறந்தபோது புதிய பதிப்பு வந்துவிட்டது. குட்டி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்திருந்தாள். அவளுடைய தொடையில் இப்போது புதுத் தழும்புகள் இல்லை. வாசற்படியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிய வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

படத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் காதில் கருவியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அதே அக்கறையான ஓவியர். நகப்பூச்சுகூடப் போட்டிருந்தார்.

“அந்தக்கா வாயைத் தொறந்து சொல்லியிருந்தா அப்பா வந்திருப்பார்ல அத்தை?”

“வந்திருப்பான்.”

“நீங்களும் அங்கதானே வேலை பாத்தீங்க. அவங்களத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“எப்படிப்பட்டவங்க?”

தம்பி மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. லைனக்கா யோசித்துப் பார்த்தாள். கெட்டவள் என்று சொல்லலாம். பயந்தவள் என்று சொல்லலாம். இரண்டும் கொஞ்சம் பெரிய வார்த்தையாகப் பட்டது.

“சொன்னபடி கேக்கறவ” என்றாள்.

குட்டி புருவத்தைச் சுருக்கினாள். புத்தகத்தில் இரண்டு தாள் தள்ளிப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் நியாயம் கேட்கிற மாதிரி நிமிர்ந்தாள்.

“அப்ப நல்லவங்கதானே அத்தை? பன்னெண்டாவது பாடமே அதானே.”